மச்சினன் எடுத்த டெண்டரில் என்ன தப்பு?

8 ஜனவரி 2025, தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் சொந்தத்தில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. இருக்கிறார். பெயரும் கட்சியும் வேண்டாம். போன வாரம் ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்) வீட்டில் பந்தி முடிந்து வளவுக்குள் உட்கார்ந்திருந்தோம். பேச்சு அரசியலுக்குப் போனது. அவர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, லஞ்சம் வாங்குகிறவனுக்கு ஜாமீனே கொடுக்கக் கூடாது. தான் பதவியில் இருந்தவரை அடுத்தவன் காசில் ஒரு காப்பிகூடக் குடித்ததில்லை. இரண்டாவது, அந்த வருஷங்களில் அவர் மச்சினன் தொகுதிக்குள் நிறைய வேலை எடுத்தான், அது ஊழல் ஆகாது. முறைப்படி டெண்டர் போட்டான், இருப்பதிலேயே குறைந்த தொகை அவனுடையது, வேறு எவன் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். மூன்றாவது, வந்த நிதியைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்புகிறவன்தான் தொகுதிக்குத் துரோகி. ஆள் உண்மையிலேயே எளிமையானவர், இன்றைக்கும் பழைய ஸ்கூட்டர்தான். கேட்டபோது மூன்றும் சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தால் எங்கேயோ இடிக்கிறது. எங்கே?

8 ஜனவரி, இரவு

இரண்டாவதில் இடிக்கிறது தம்பி. மூன்றாவதிலும் கொஞ்சம். கடை அடைக்கிற நேரம், நாளைக்கு எழுதுகிறேன்.

9 ஜனவரி

ஆத்தங்குடிக் கல் வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் காரைக்குடியில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டெண்டர் படிவம் நிரப்புவது, முன்வைப்புத் தொகைக்கு டி.டி. எடுப்பது, பில்லுக்காக ஆபீஸ் வாசலில் நிற்பது எல்லாம் என் வேலை. அப்போது எல்லாம் பெட்டியில் போடுகிற டெண்டர். இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். பெட்டிதான் மாறியிருக்கிறது.

உங்கள் சொந்தக்காரர் "குறைந்த தொகை" என்று சொல்கிறார் பாருங்கள், அதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். கான்ட்ராக்டருக்கு லாபம் ஒப்பந்தத் தொகையில் வருவதைவிட அளவுப் புத்தகத்தில் வருவதுதான் அதிகம். எம் புக் என்று சொல்வோம், செய்த வேலையை அளந்து எழுதுகிற நோட்டு, பில் அதை வைத்துத்தான். பேவர் பிளாக் ரோடு என்றால் கீழே எத்தனை அங்குலம் ஜல்லி, அதற்கு மேல் எவ்வளவு மணல் படுகை, மேலே பதிக்கிற கல் எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் எஸ்டிமேட்டில் இருக்கும். 60 மில்லிமீட்டர் கல் லேசான போக்குவரத்துக்கு, 80 அதைவிடக் கொஞ்சம் கனமான வண்டிகளுக்கு. எஸ்டிமேட்டில் 80 என்று இருந்து தரையில் 60 கிடந்தால் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? கீழே ஜல்லி பாதியாக இருந்தால் மழை வந்தபிறகுதான் தெரியும். ஆக, அஞ்சு சதவீதம் குறைத்துப் போட்டு வேலையை எடுத்துவிட்டுத் தரையில் அதைவிட அதிகமாக மீட்டுவிடலாம்.

அளந்து எழுதுகிறவர் ஜூனியர் இன்ஜினியர் அல்லது ஓவர்சீயர். அவருடைய மாறுதல் எங்கே முடிவாகிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எம்.எல்.ஏ. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை. போன்கூட வேண்டாம். "இது அவர் மச்சினன் வேலை" என்று தெரிந்தாலே போதும், டேப் தானாகக் கொஞ்சம் நீண்டுவிடும். யாரும் யாரிடமும் காசு வாங்கவில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை பவுடர் தடவிய நோட்டோடு வந்தாலும் பிடிப்பதற்கு ஆள் கிடையாது.

"வேறு எவன் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்" என்பது இன்னும் அழகு. என் முதலாளி ஒருதடவை அப்படிப் போட்டார். ஒரு சுற்றுச்சுவர் வேலை. அவர்தான் குறைந்த தொகை, வேலையும் கிடைத்தது. சுவர் எழும்பி வெள்ளையடித்து முடித்தும் பில் நகரவில்லை. ஒரு மாசம் ஃபைல் மேலே இருக்கிறது என்றார்கள், அடுத்த மாசம் கீழே இருக்கிறது என்றார்கள், அதற்கடுத்த மாசம் நிதி ஆண்டே முடிந்துவிட்டது. மனுஷன் வட்டிக்கு வாங்கி ஆளுக்குக் கூலி கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் டெண்டர் போடவே இல்லை. ஆக, உங்கள் சொந்தக்காரரின் மச்சினன் நேர்மையாகவே போட்டிருக்கலாம், அவர் கையில் தப்பே இல்லாமல் இருக்கலாம். ஆனால் மற்றவர்கள் ஏன் போடவில்லை என்று எம்.எல்.ஏ. கேட்டிருக்கவேண்டும்.

12 ஜனவரி

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டுபேர் கேட்டிருந்தீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 9ஏ. அரசோடு பொருள் சப்ளைக்கோ கட்டுமான வேலைக்கோ ஓர் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் அந்த ஆள் தேர்தலில் நிற்கவும் பதவியில் இருக்கவும் தகுதி இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் அவரே போட்டதாக இருக்கவேண்டும், அவருடைய தொழிலில் போட்டதாக இருக்கவேண்டும். மனைவி பேரில், தம்பி பேரில், மச்சினன் பேரில் இருந்தால் பிரிவு எட்டிப் பார்க்காது. அதற்குக் கீழே ஒரு விளக்கமும் உண்டு. அவர் தன் பங்கு வேலையை முடித்துவிட்டு அரசு பணம் தராமல் பாக்கி வைத்திருந்தால் அது நடப்பு ஒப்பந்தம் ஆகாது. வேட்புமனுவுக்கு முந்தின நாள் வேலையை முடித்துவிட்டால் ஆயிற்று.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், 1951இல் முதலில் எழுதினபோது இது இவ்வளவு குறுகலாக இல்லை. தன் பேரில் இருந்தாலும், தனக்காக வேறு ஆள் பேரில் இருந்தாலும், அதில் பங்கோ ஆதாயமோ இருந்தால் தகுதியிழப்பு என்றுதான் இருந்தது. 1958இல் சுருக்கினார்கள். 1966இல் இப்போதிருக்கிற 9ஏ வந்தது. பினாமியைப் பற்றி முதல் நாடாளுமன்றத்துக்கு முன்பே யோசித்து எழுதிவிட்டு, அப்புறம் மறந்துபோயிருக்கிறார்கள்.

ஊழல் தடுப்புச் சட்டமும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. 1988 சட்டத்தின் 13ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது: அரசு ஊழியர் பதவியில் இருக்கும்போது, பொதுநலன் எதுவும் இல்லாமல் யாருக்காவது பண ஆதாயம் வாங்கிக் கொடுத்தால் குற்றம். தனக்கு என்று இல்லை, யாருக்காவது. 2018 திருத்தத்தில் அந்த வரி போய்விட்டது. நல்லெண்ணத்தில் முடிவெடுக்கும் அதிகாரிகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்திலும் நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலையை அறுத்தபோது மச்சினன்களும் சேர்ந்து வெளியே வந்துவிட்டார்கள்.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

புதுவயல் அண்ணன் கேட்கிறார்: "எனக்கும் ஒரு எம்.எல்.ஏ. மாப்பிள்ளையாகக் கிடைப்பாரா?" மாப்பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே. சீர் வரிசையில் ஒரு ரோடு ரோலரும் சேர்த்துக் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

17 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் நிறையப்பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் "நம்ம காரைக்குடி சண்முகம் செட்டியாரே நிதியமைச்சராக இருந்து ராஜினாமா செய்தவர்தானே" என்கிறார். ஆர்.கே. சண்முகம் செட்டியார் நம் பக்கம் இல்லை, கோயம்புத்தூர்க்காரர். ராஜினாமா செய்தது உண்மை, 1948இல். வருமான வரி விசாரணைக் கமிஷனுக்குப் போகவேண்டிய பட்டியலிலிருந்து சில பேர்களை எடுத்த விவகாரம். அவர் கைநீட்டிக் காசு வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியும் போனார்.

அந்தக் காலத்துக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. ஆனால் வேகம் இருந்தது. 1951இல் எச்.ஜி. முத்கல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பம்பாயின் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் கேள்வி கேட்க ஒப்புக்கொண்டு பணம் வாங்கினார் என்று வந்தது. அவர் நேருவின் சொந்தக் கட்சி. நேருவே சபையில் விஷயத்தை எடுத்துவந்தார், குழு விசாரித்தது, வெளியேற்றுவதற்கு முன்னால் அவர் ராஜினாமா செய்தார். முந்த்ரா விவகாரம் எல்லாருக்கும் தெரியும். எல்.ஐ.சி. பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போனது. 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி கிளப்பினார், மாமனார் பிரதமர் என்று பார்க்கவில்லை. நீதிபதி சாக்ளாவின் விசாரணைக் கமிஷன் 1958 ஜனவரியில் உட்கார்ந்து பிப்ரவரியில் அறிக்கை கொடுத்துவிட்டது. அந்த மாசமே நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இன்றைக்கு ஒரு கமிஷனுக்கு ஆபீஸ் பார்த்து நாற்காலி மேசை வாங்கவே அவ்வளவு நாள் ஆகும்.

கண்டனூர் ஆச்சிக்கு: ஆமாம், 1962இல் காரைக்குடியில் ஜெயித்தவர் சா. கணேசன்தான், கம்பன் கழகத்து சா.க. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா இதையெல்லாம் அரசு கையில் வைத்துக்கொண்டிருக்கிறவரை ஊழல் போகாது என்பது ராஜாஜி சொல்லிக்கொண்டிருந்த பேச்சு. லைசென்ஸ் போய்விட்டது. டெண்டர் வந்துவிட்டது. அந்தக் கட்சிக்காரர்கள் இப்போது இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நம் பக்கத்துப் பெரிய பெயர்களை இங்கே இழுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீதிமன்றத்தில் இருப்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

21 ஜனவரி

"சட்டத்தில் இல்லாவிட்டால் நடத்தை விதி இருக்குமே" என்று ஒரு வக்கீல் தம்பி. இருக்கிறது. டான்சி வழக்கில் அதுதான் வந்து நின்றது. கிண்டியில் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலம், 1992இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பங்குதாரராக உள்ள நிறுவனம் வாங்கியது. கீழ் நீதிமன்றம் 2000இல் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது, உச்சநீதிமன்றம் 2003 நவம்பரில் விடுதலையை உறுதி செய்தது. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கக் கூடாது என்று நடத்தை விதி இருந்தும், அது சட்ட பலம் உள்ள விதி இல்லை, மீறினால் குற்றம் ஆகாது என்று தீர்ப்பு. அதே தீர்ப்பில் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து மனசாட்சிக்குப் பரிகாரம் செய்யவேண்டும் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

நீதிமன்றம் மனசாட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையில் சட்டம் இல்லை என்று பொருள். இதை ஒரு கட்சிக்கு எதிராகச் சொல்வதாக நினைக்கவேண்டாம். இந்தப் பக்கம் டான்சி என்றால் அந்தப் பக்கம் தி.மு.க. ஆட்சி மேல் 1976இல் போட்ட சர்க்காரியா கமிஷனும் வீராணம் குழாய் டெண்டரும். எங்கள் தெருத் திண்ணையில் இரண்டையும் மாறிமாறிப் பேசியே ஒரு தலைமுறை கிழடாகிவிட்டது.

ஜார்க்கண்டில் 2022இல் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் ஹேமந்த் சோரன் பேரில் 0.88 ஏக்கர் கல் குவாரி குத்தகை. சுரங்கத் துறையும் அவரிடமே. 9ஏ பிரிவில் புகார் போனது, தேர்தல் ஆணையம் தன் கருத்தை ஆளுநருக்கு மூடிய உறையில் அனுப்பியது. உறை கடைசிவரை திறந்து காட்டப்படவில்லை. குவாரிக் குத்தகை "வேலை ஒப்பந்தம்" ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2001இலேயே வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆக, துறை அமைச்சரே தன் துறையிடம் குத்தகை வாங்கினாலும் 9ஏ சும்மாதான் நிற்கும்.

27 ஜனவரி

நேற்று கிராம சபை. ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் இந்த மாசம் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தனி அலுவலர் வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் எந்தக் கேள்விக்கும் "நான் இப்போதான் பொறுப்பு எடுத்திருக்கேன்" என்ற ஒரே பதில். ஊருணிக் கரைப் பேவர் பிளாக் வேலைக்கு எஸ்டிமேட் எவ்வளவு, எந்தக் கல், யார் எடுத்தார்கள் என்று கேட்டேன். போர்டு வைக்கச் சொல்கிறேன் என்றார். வேலை முடிந்து ஆடு மேய்கிறது அய்யா, இனி போர்டு எதற்கு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சிரிப்பில் சபை கலைந்தது. தீர்மானப் புத்தகத்தில் என் கேள்வி ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஏறியிருக்கிறது, கொஞ்சம் இளைத்துப்போய்.

2 பிப்ரவரி

மூன்றாவது விஷயம். நிதியைத் திருப்பி அனுப்புவது துரோகமா?

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. ஒருவருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. 234 தொகுதி என்றால் 702 கோடி. எம்.பி.க்கு 5 கோடி. எம்.பி. நிதி 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் காலத்தில் வந்தது, முதல் வருஷம் ஆளுக்கு 5 லட்சம்தான். செலவு செய்கிறவனைக் கேள்வி கேட்பதுதான் சட்டமன்றத்தின் வேலை. அவன் கையிலேயே செலவைக் கொடுத்தால் கேள்வியை யார் கேட்பது? இந்த நிதிகளையே எடுத்துவிடுங்கள் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் எழுதியது. எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உச்சநீதிமன்றம் 2010இல் எம்.பி. நிதி அரசியல் சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் இந்த நிதி என்ன செய்கிறது என்று தெரியும். நிழற்குடையில் இரண்டுபேர் உட்கார இடம், இருபது அடிக்குப் பேர். அதுவும் பஸ் நிற்காத இடத்தில். உயர்கோபுர விளக்கு ஒன்று, அதற்குக் கரண்ட் பில் கட்ட ஊராட்சியிடம் காசு இல்லை. மார்ச் வரப்போகிறது, பாருங்கள், எல்லாத் தெருவிலும் கல் பதிப்பார்கள். நிதி ஆண்டு முடிவதற்குள் செலவுக் கணக்குக் காட்டவேண்டும் என்றால் எது சீக்கிரம் முடியுமோ அதுதான் நடக்கும். ஊருணிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயைத் தேடிப்பிடித்து ஆக்கிரமிப்பை எடுப்பது சீக்கிரம் முடியாது. கரையில் கல் பதிப்பது பத்து நாளில் முடியும். அதனால் எங்கள் ஊருணிக்குக் கரை ஜோராக இருக்கிறது, தண்ணீர்தான் வரவில்லை.

நம் பக்கத்தில் ஊருணி வெட்டினவர்களும் கல்வெட்டில் பேர் போட்டுக்கொண்டார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. அவர் பேர் பெரிசாக இருக்கட்டும், அது அவர் பணம். நம் வரிப்பணத்தில் கட்டின நிழற்குடையில் ஒருத்தர் போட்டோ எதற்கு?

3 பிப்ரவரி

நேற்று எழுதியது கொஞ்சம் காரமாகிவிட்டது என்று நினைக்கிறேன். நிதியை எடுத்துவிடு என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். இங்கே அரசுப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினது அந்த நிதியில்தான். துறை வழியாகக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், ஒரு காலையில் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று வாங்கினோம். நானும் நின்றேன். அந்த வாசல் இல்லாவிட்டால் கழிப்பறை இல்லை. ஆனால் ஒரு கழிப்பறைக்கு ஏன் ஒருத்தர் வாசலில் நிற்கவேண்டும் என்பதும் மனசை விட்டுப் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன், ஒரு முடிவுக்கு இழுக்காதீர்கள்.

9 பிப்ரவரி

பள்ளத்தூரிலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "இங்கே யார்தான் யாருக்குச் சொந்தம் இல்லை? சொந்தக்காரன் டெண்டர் போடக் கூடாது என்றால் தாலுகாவில் ஒருத்தன்கூடப் போடமுடியாது." சரிதான். நகரத்தார் என்று இல்லை, எந்தச் சாதியை எடுத்தாலும் சுற்றிச்சுற்றி மூன்றாவது வீட்டில் சம்பந்தம் வந்துவிடும். மொத்தமாகத் தடை போட்டால் மச்சினன் தன் டிரைவர் பேரில் எடுப்பான், அவ்வளவுதான் மாறும்.

எங்கள் ஐயா (தாத்தா) பினாங்கில் ஒரு கடைக்கு ஏஜென்டாக இருந்தவர். முதலாளி இங்கே ஊரில், கடை கடலுக்கு அந்தப் பக்கம், கடிதம் போய்ச் சேரவே நாளாகும். அப்படி இருந்தும் ஒரு ஏற்பாடு இருந்தது என்று அப்பச்சி (அப்பா) சொல்வார். ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. சொந்தக்காரருக்குக் கடன் கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் பேரேட்டில் தனிப்பற்றாக எழுதி, இன்னார் எனக்கு இன்ன உறவு என்று முதலாளிக்கு முன்கூட்டியே எழுதிவிடவேண்டும். வசூல் ஆகாவிட்டால் அந்தப் பற்று ஏஜென்ட் தலையில். ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, பார்க்கிறபோது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்களாம்.

எனக்கு இது போதும் என்று படுகிறது. மச்சினன் எடுக்கட்டும். எடுத்தால், இவர் எம்.எல்.ஏ.வுக்கு மச்சினன் என்று வேலை இடத்துப் போர்டிலேயே எழுதட்டும். அந்த வேலையை வேறு மாவட்டத்து இன்ஜினியர் வந்து அளக்கட்டும். பில் போடுவதற்கு முன்னால் கிராம சபையில் அளவுப் புத்தகத்தை வாசிக்கட்டும். முன்னாள் எம்.எல்.ஏ.விடம் இதைக் கேட்டுப் பாருங்கள் தம்பி. காப்பி குடிக்காதவர்தானே, ஒப்புக்கொள்வார்.

விசித்திரம் ஒன்று. எம்.பி. நிதியில் டிரஸ்டுகளுக்கும் சங்கங்களுக்கும் வேலை செய்துகொடுக்கலாம், ஆனால் எம்.பி.யோ அவர் குடும்பத்தாரோ பொறுப்பில் இருக்கிற டிரஸ்டுக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே குடும்பம் என்றால் யார் யார் என்று பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கட்டிக்கொண்டவர்கள், சம்பந்த வழி என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். மச்சினன் எங்கே நிற்கிறான் என்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. தேர்தல் சட்டத்துக்கு வரும்போதுதான் உறவுமுறை மறந்துபோகிறது.

10 பிப்ரவரி

எல்லாரும் செய்யக்கூடிய ஒன்று. உங்கள் தொகுதி வேட்பாளரின் பிரமாணப் பத்திரம், படிவம் 26, தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடக்கிறது. சொத்து, கடன், வழக்குப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். 9பி என்று ஒரு பத்தி இருக்கிறது, அதைத் தேடுங்கள். அரசோடும் அரசு நிறுவனங்களோடும் உள்ள ஒப்பந்தங்கள்: வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர், இவர்கள் பங்கு வைத்திருக்கும் கூட்டு நிறுவனம், கம்பெனி. 2018இல் லோக் பிரஹரி என்ற அமைப்பு போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பின்னால் இந்தப் பத்தியில் கூட்டம் கூடவேண்டியது. நான் நம் பக்கத்தில் சிலருடையதைப் பார்த்தேன். "இல்லை, இல்லை, இல்லை" என்று மேலிருந்து கீழ்வரை. பொய் என்று சொல்லமுடியாது. மச்சினன் யாரையும் சார்ந்திருப்பவன் இல்லையே, அவனைத்தானே மற்றவர்கள் சார்ந்திருக்கிறார்கள்.

11 பிப்ரவரி

தேவகோட்டைத் தம்பி கேட்டே விட்டாராம். "போர்டில் உறவை எழுதினால் என் மரியாதை என்ன ஆவது" என்றாராம் முன்னாள் எம்.எல்.ஏ. அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அளக்க வெளி ஆள் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றாராம். மனுஷர் மேல் மரியாதை கூடுகிறது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பதில்.

23 பிப்ரவரி

லஞ்சம் கொடுத்தவர்கள் இங்கே வரிசையாக எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள், பட்டா மாறுதலுக்கு இவ்வளவு, வரைபட அனுமதிக்கு அவ்வளவு என்று. கொஞ்சம் நில்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளைக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லவேண்டும், சொன்னால் பாதுகாப்பு உண்டு. ஏழு வருஷம் கழித்துப் பொதுவில் எழுதினால் அது வாக்குமூலம்தான். இரண்டு பதிவை நீக்கியிருக்கிறார்கள், நல்லது.

சட்டமன்றத்துக்குள் ஓட்டுப் போடக் காசு வாங்கினால் பாதுகாப்பு உண்டா என்று கேட்டவருக்கு: 1998இல் உண்டு என்றார்கள், ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா வழக்கு. 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு, சீதா சோரன் வழக்கில், கிடையாது என்று அதை மாற்றிவிட்டது. 26 வருஷம் ஆயிற்று. அந்த ஜார்க்கண்ட் குடும்பத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் இரண்டாவது தடவை எழுதுகிறேன், தற்செயல்தான்.

18 மார்ச்

ஊருணிக் கரை வேலைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருந்தேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. எஸ்டிமேட், அளவுப் புத்தகத்தின் நகல், பில். முப்பது நாளில் வரவேண்டியது வரவில்லை. மேல்முறையீடு போட்டபிறகு பதில் வந்திருக்கிறது: நகல் எடுக்கத் தேவையில்லை, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். துரத்துகிற பதில் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் 2(ஜே) பிரிவில் ஆவணத்தை மட்டும் இல்லை, வேலையையே நேரில் ஆய்வு செய்யலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியும் எடுக்கலாம் என்று இருக்கிறது. சரி, இரண்டையும் சேர்த்துக் கேட்டு எழுதிவிட்டேன். ஒரு கல்லைப் பெயர்த்து அளக்கவேண்டும். ஓவர்சீயர் முன்னிலையில்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. ஊர்க்காரர்கள் நாலுபேர் வந்தால் நல்லது, சண்டைக்கு இல்லை, சாட்சிக்கு. என்னிடம் இருப்பது கடை டேப், அஞ்சு மீட்டர்தான் வரும். கரை அதைவிட எவ்வளவோ நீளம். யாரிடமாவது முப்பது மீட்டர் டேப் இருந்தால் கொண்டுவாருங்கள், திருப்பித் தந்துவிடுவேன்.